சூட்டுப்பெட்டிக் கல்

அந்தச் சூட்டுப்பெட்டியின் கீழ்த்தட்டைத் தொடக் கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் பத்து மாதமாக ஒரு கை அதில் பட்டதில்லை. ஆய்வுக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி நிற்கும் இடுப்புயரப் பெட்டி. மேலே இரண்டு தட்டுகளில் கற்களை வைப்பார்கள், எடுப்பார்கள். கீழ்த்தட்டில் ஒரே ஒரு எஃகு டப்பா, அதற்குள் எண்ணெயில் மூழ்கிய ஒரு கல். வைத்தவர் செத்துப்போய்விட்டார். படித்தவர்கள் வேலை செய்யும் இடம்தான், ஆளாளுக்கு ஒரு பட்டம் இருக்கிறது. பயம் வந்துவிட்டால் பட்டமாவது கிட்டமாவது.

சூடு குறைந்தால் பெட்டி தானாகச் சூடேறத் தொடங்கும். அப்போது உள்ளே 'ச்சு' என்று ஒரு சத்தம் வரும். எந்தப் பெட்டியிலும் வருகிற சத்தம்தான். ஆனால் செத்துப்போனவர், யாராவது அவசரமாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டால், நாக்கை மேலண்ணத்தில் தட்டி அச்சாக அதே சத்தம் போடுவார். அதனால் பெட்டி 'ச்சு' என்றதும், குழாயைத் திருகிக்கொண்டிருப்பவன் கொஞ்சம் மெதுவாகத் திருகுவான். ஏன் என்று கேட்டால் கை வலிக்கிறது என்பான்.

உண்மையை ஒப்புக்கொண்டவன் ஒருவன்தான், பம்பு. பம்புகளைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்பதால் வந்த பெயர். வாயும் அப்படித்தான், திறந்தால் மூடத் தெரியாது. அண்ணன் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒழுங்காக வேலை செய்யுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வான். சொல்லிவிட்டு, பெட்டிக்கு முதுகு காட்டாத நாற்காலியாகப் பார்த்து உட்காருவான்.

செத்தவரை அவன் அண்ணன் என்று கூப்பிட்டான், கூடமே அண்ணன் என்றது. அவருடைய இடத்தில் அவர் மனைவிக்கு வேலை கொடுத்தபோது, யாரும் பெயர் கேட்கவில்லை, வந்த அன்றே எல்லோருக்கும் அண்ணி ஆகிவிட்டாள். முதலில் கண்ணாடிக் குழாய் கழுவினாள். பிறகு கல்லை எடை போடக் கற்றாள், ஊறவைக்கக் கற்றாள், பம்பு பக்கத்தில் நிற்க எண்ணெய் தள்ளவும் கற்றாள். கெட்டிக்காரி. ஆனால் அவளும் கீழ்த்தட்டுப் பக்கம் போனதில்லை. மற்றவர்களுக்கு அது பயம். அவளுக்கு அந்தக் கல் மேல் கோபம், வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள், ஒரு கல் மேல் சக்களத்தி மேல் வருகிற கோபம்.

அது என்ன அப்பேர்ப்பட்ட கல் என்றால், பூமிக்கு அடியில் வெகு ஆழத்திலிருந்து தோண்டி எடுத்த பாறையில் வெட்டிய உருளைத் துண்டு. தடித்த மெழுகுவர்த்தியில் பாதியளவு இருக்கும். பார்வைக்கு இரும்பு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்தத் துளைகளில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும்போது எது எவ்வளவு சுலபமாக நகரும் என்று பார்ப்பதுதான் இவர்கள் பிழைப்பு. சார்பு ஊடுருவுதிறன் என்று அறிக்கையில் பெரிய பெயர் போடுவார்கள். தனியாக விட்டால் எண்ணெயும் ஓடும், தண்ணீரும் ஓடும். சேர்த்து விட்டால் ஒரே குளியலறை உள்ள வீட்டில் இரண்டு குடும்பம் குடியிருப்பது போலத்தான், ஒன்று போக இன்னொன்று வழி விடாது. அந்தச் சண்டையை அளந்து கொடுத்தால் எண்ணெய் எடுக்கிறவர்கள் அதை வைத்துக் கிணறு தோண்டுவார்கள்.

கல்லை முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு பம்பு வைத்து எண்ணெயைத் தள்ளி, வெளியேறுகிற தண்ணீரையெல்லாம் வெளியேற்ற வேண்டும். இதற்கு மட்டும் ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பிறகு டப்பாவில் எண்ணெய் ஊற்றி அதில் கல்லை மூழ்கடித்து, சூட்டுப்பெட்டியில் ஒன்றரை மாதம் வைக்க வேண்டும், பாறையாக இருந்தபோது இருந்த குணத்துக்கு அது திரும்புவதற்கு. அதன் பிறகுதான் உண்மையான சோதனை. அண்ணனுக்கு இந்த வேலையில் பிடித்ததே எண்ணெய் தள்ளுகிற அந்த ஒரு வாரம்தான். பதறாத காரியம் சிதறாது என்பார். சொட்டுச் சொட்டாகப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய மூலையை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எட்டிப் பார்த்தால் 'ச்சு'. என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டிச் சொல்கிற வழக்கமும் கிடையாது. வேலையானாலும் வீடானாலும் செய்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார், எழுதுவதும் அப்போதுதான்.

இனி அந்தக் காலைப் பொழுதுக்கு வருவோம். சொல்லாமல் தீராது.

அண்ணிக்கு வயிற்றில் கட்டி. உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். மறுநாளைக்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது, மதியம் பன்னிரண்டுக்குள் கணவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு, தவறினால் அடுத்த மாதம்தான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் போன் வந்தது. அவள் வந்து சொன்னாள். அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, கல் பம்பில் இருக்கிறது, பெட்டிக்குள் போக இன்னும் ஒரு வாரம் ஆகும், பாதியில் விட்டால் கெட்டுவிடும், அடுத்த மாதமே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவ்வளவுதான். வலியில் இருக்கிற மனுஷியிடம் பேசுகிற பேச்சா அது? அவளுக்கும் நாக்கில் நரம்பில்லாமல் போயிற்று.

"அந்தக் கல்லையே கட்டிக்கிட்டு அழுங்க. இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீங்க. நான் செத்தாலும் வராதீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த அறையில் மாமனார் இருமினார், கேட்டுவிட்டது என்பதற்கு அடையாளமாக.

மதியத்துக்கு முன்னால் சேதி வந்தது. பெரிய பாலத்துக்குப் போகிற சாலையில் லாரி அடித்துவிட்டது. வேலை நேரத்தில் அவருக்கு அந்தச் சாலையில் என்ன வேலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் பாலத்தைப் பற்றி ஊருக்குத் தெரியும். அங்கிருந்து குதித்தவர்கள் கதை வருஷத்துக்கு ஒன்றாவது இருக்கும். ஆஸ்பத்திரியும் பாலத்தைத் தாண்டித்தான் இருக்கிறது. அதற்கென்ன, முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அங்கே எதற்குப் போகப்போகிறார்? அவளுக்கு அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். லாரிக்காரனைத் தானே போய்ப் பார்த்தார். அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு அழுதானாம். ஓடி வந்தார் ஐயா, பிரேக் போட நேரமே கொடுக்கவில்லை என்றானாம். மாமனார் வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியை மருமகளிடம் சொன்னார். அதன் பிறகு அந்த நாளைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. மூன்று மாதம் கழித்து அவளுடைய ஆபரேஷனுக்கு அவர்தான் கையெழுத்துப் போட்டார், வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஓடி வந்தார் என்ற சொல் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது.

இதற்கு மேல் ஒன்று இருந்தது, அதை அண்ணி மட்டும் சுமந்தாள். சாவுக்கு வந்தவர்கள் ஆறுதலாக எதையாவது சொல்வார்கள் அல்லவா? அப்படிச் சொன்னான் பம்பு. அவன் இரண்டு வாரமாக வேறோர் ஆய்வுக்கூடத்தில் பம்பு பழுது பார்க்கப் போயிருந்து, சேதி கேட்டு ஓடி வந்தவன். அண்ணன் ஒரு வேலையையும் பாக்கி வைக்கவில்லை, பம்பு காலியாக இருந்தது, கடைசிக் கல்கூடப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அழுதான். எப்போது உள்ளே போனது என்று அவள் கேட்டாள். அது எப்போதோ போயிருக்கும் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு வாரத்து வேலையாயிற்றே.

அப்படியென்றால் கல் பம்பில் இருக்கிறது என்று காலையில் சொன்னது பொய். வேலை எல்லாம் முடிந்து கை வீசிக்கொண்டு இருந்த மனிதர், பெண்டாட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வர மனமில்லாமல் கல்லைச் சாக்குச் சொல்லியிருக்கிறார். பொய் சொன்னவரை அவள் சபித்தாள், அவர் ஓடிப்போய் லாரியில் விழுந்தார். இந்த மூன்றையும் அவள் எப்படி மாற்றி அடுக்கினாலும் தூக்கம் வராது. வருகிற கொஞ்சத் தூக்கமும் கோபத்தால் வந்தது. என்னிடமே பொய் சொன்னாயல்லவா, போ, என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு வேறு வழியில்லை, அந்தக் கல் இருக்கும் அறையிலேயே நாள் முழுக்க இருக்க வேண்டியிருந்தது. பெட்டி 'ச்சு' என்னும். என்ன, இப்போது பேச வருகிறதா என்று மனசுக்குள் கேட்பாள்.

எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் இடையில் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அதனால்தான் கல் பத்து மாதம் கிடந்தது. இப்போது மறுபடியும் தொடங்கிவிட்டார்களாம், மிச்சமிருக்கிற அந்தக் கல்லின் கணக்கைக் கேட்டார்கள். கூடத்தின் தலைவர் ஒருநாள் காலை வந்து நின்றார். அவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள்; பாறையில் வாங்கிய பட்டம், தலைவலிக்கு அவரிடம் போகக் கூடாது. நல்ல மனிதர். கீழ்த்தட்டைப் பார்க்காமல் கீழ்த்தட்டைப் பற்றிப் பேசினார். யார் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

பம்பு தன் நகத்தைப் பார்த்தான். மற்றவர்களுக்குத் திடீரென்று வேறு வேலைகள் ஞாபகம் வந்தன. அண்ணி, நான் செய்கிறேன் என்றாள். பக்தியில் சொல்லவில்லை. அதைப் பம்பில் போட்டு, தண்ணீர் விட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் பிழிந்து வெளியே எடுத்துவிட்டுக் குப்பையில் எறிய வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

டப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆறவைத்து மேசைமேல் வைத்தார்கள். மூடியின் மேல் கம்பி கட்டியிருந்தது, கழன்றுவிடாமல் இருக்க. இப்படி எல்லோரும்தான் கட்டுவார்கள், கட்டிய முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், திறக்கிறவன் விரலைக் குத்தும். இந்தக் கம்பியின் முனை உள்பக்கமாக மடித்து அழுத்தியிருந்தது. மூடியைத் திருகினால், மரையில் சுற்றிய வெள்ளை நாடா ஒரு பிசிறு இல்லாமல் சுற்றியிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா நின்றாள். பத்து மாதத்துக்குப் பிறகு அவர் கை செய்த ஒரு வேலையைப் பார்க்கிறாள். வீட்டில் அவர் கட்டிவைத்த மூட்டைகளும் இப்படித்தான் இருக்கும். அதுவும் அவளுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

கல் கறுத்துப் பளபளவென்று வெளியே வந்தது. அதை ரப்பர் உறைக்குள் நுழைத்து, உறையை எஃகுக் குழலுக்குள் வைத்து, வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து உறையைக் கல்லோடு இறுக்கினாள். இல்லையென்றால் எண்ணெய் கல்லுக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். தண்ணீர் விடுவதற்கு முன்னால், எண்ணெய் மட்டும் எவ்வளவு தாராளமாகப் போகிறது என்று அளந்துகொள்ள வேண்டும். மற்ற அளவெல்லாம் அதை வைத்துத்தான். மெதுவான வேகத்தில் பம்பைத் திறந்தாள்.

பக்கத்துப் பக்கத்தில் வெட்டிய இரட்டைக் கற்கள் இவை. இதன் ஜோடியை அண்ணன் முன்பே முடித்திருந்தார், அதில் அழுத்தம் எவ்வளவு காட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். இதுவும் அங்கேதான் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அழுத்தமானியின் முள் ஏறியது. ஜோடிக் கல்லின் அளவைத் தாண்டியது, அதன் இரண்டு மடங்கைத் தாண்டியது, ஐந்து மடங்கில் போய் நின்றது. கல் எண்ணெயை விடவே மாட்டேன் என்றது. அண்ணி குழாய்களைச் சரிபார்த்தாள், பம்பு வந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி மாட்டினான். கல்லில் நார் உரிக்கிற கதையாகப் பொழுது போயிற்று. குறை குழாயில் இல்லை.

பெட்டி 'ச்சு' என்றது. பம்பு எழுந்து போய் அதன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்தான். உள்ளே வேறு கற்கள் இருந்ததால் கொஞ்ச நேரத்தில் அவனே போய்ப் போட்டுவிட்டான்.

டாக்டர் மறுநாள் வந்து முள்ளைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். எண்ணெயை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டுப் பாருங்கள் என்றார். அண்ணி வால்வுகளை மாற்றி, வெளியே வந்த முனையிலிருந்து எண்ணெயை உள்ளே விட்டாள். முள் சட்டென்று விழுந்தது. ஜோடிக் கல்லின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பம்பு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மறுபடி ஏறத் தொடங்கியது, ஏறி, பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தது. வெளியேறும் கண்ணாடிக் குழாயில் எண்ணெய் கலங்கலாக வந்தது, சாம்பலைக் கரைத்த மாதிரி.

டாக்டர் அந்தக் கலங்கலைக் காட்டி விளக்கினார். கல்லின் துளைச் சுவர்களில் மாவு போலத் தூசி ஒட்டியிருக்கும். மெதுவாகத் தள்ளினால் அது அசையாது. வேகமாகத் தள்ளினால் பெயர்ந்து ஓடிப்போய்க் குறுகலான இடத்தில் அடைத்துக்கொள்ளும். திருப்பித் தள்ளினால் அடைப்பு விடும், மறுபக்கம் ஓடிப்போய் மறுபடி அடைக்கும். இப்போது நடந்தது அதுதான்.

"இது கல்லோட குணம் இல்லம்மா. பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி யாரோ எண்ணெயைத் தாறுமாறான வேகத்துல தள்ளியிருக்காங்க. ஒரு வாரத்துக்குத் தள்ள வேண்டியதை ரெண்டு மூணு மணி நேரத்துல."

யாரோ என்று சொன்னது அவருடைய மரியாதை. அந்தக் கல்லைத் தொட்டவர் ஒருவர்தான்.

பம்புக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணனாவது வேகமாகத் தள்ளுவதாவது, ஊரில் யாரை வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவரைச் சொல்லாதீர்கள் என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தவன் பாதியில் நின்றான். வாய் மூடத் தெரியாதவன் வாய் மூடியதைக் கூடம் அன்றுதான் பார்த்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னான். சாவுக்கு மறுநாள் அவன் வந்து பார்த்தபோது பம்பின் திருகு கடைசி வேகத்தில் நின்றதாம். எண்ணெய்ப் பாட்டில் காலியாக இருந்ததாம். யாரோ குழாய்களைக் கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டானாம். சாவு வீட்டு நினைப்பில் அதையெல்லாம் யார் யோசித்தார்கள்?

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு அவர் மனசு ஒரு நிலையில் இல்லை போலிருக்கிறது என்றார், மிகவும் தணிந்த குரலில். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அறையில் அது கேட்டது.

அண்ணி கைகழுவும் தொட்டிப் பக்கம் போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் என் வாய்தான். என் சொல்லைக் கேட்டுவிட்டு வந்து, புத்தி கலங்கி, உயிராக வைத்திருந்த கல்லைக் கெடுத்துவிட்டு, பாலத்தைப் பார்த்து ஓடியிருக்கிறார். பத்து மாதம் சந்தேகமாக இருந்தது இன்றைக்குச் சாட்சியோடு வந்து நிற்கிறது. தண்ணீரைத் திறந்து முகத்தில் அடித்துக்கொண்டாள். திரும்பியபோது மேசைமேல் அந்தக் காலி டப்பா இருந்தது. பக்கத்தில் மூடி, அவள் கழற்றி வைத்த கம்பி.

கம்பியைக் கையில் எடுத்தாள். மடித்து அழுத்திய முனை அப்படியே இருந்தது. அடுத்தவன் விரலில் குத்தக் கூடாது என்று மடித்தது. மனம் கலங்கியவன் இதைச் செய்வானா? சாகப்போகிறவன் நாடாவைப் பிசிறு இல்லாமல் சுற்றிக்கொண்டு நிற்பானா? எல்லாம் அவர் செய்கிற மாதிரியே இருக்கிறது. வேகம் ஒன்றுதான் அவருடையது இல்லை.

"இது கோபத்துல செஞ்ச வேலை இல்ல" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "அவசரத்துல செஞ்ச வேலை."

என்ன அவசரம் என்று டாக்டர் கேட்டார். அப்போதுதான் அது அவளுக்குள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. சாவுக்கு மறுநாளும் திருகு கடைசி வேகத்திலேயே நின்றதென்றால், இந்தக் கல்லை அன்று காலையில்தான் வேகமாகத் தள்ளியிருக்கிறார். அப்படியென்றால் அன்று காலை கல் பம்பில்தான் இருந்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றது சத்தியம். அந்த ஒரு வாரத்தை ஒரு காலைப் பொழுதில் முடித்து, கெட்டுப்போகும் என்று தெரிந்தே முடித்து, டப்பாவில் போட்டு மூடிக் கம்பி கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே ஓடியிருக்கிறார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு மணிக்குள் கணவர் கையெழுத்து. வேறெதற்காகவும் அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஓடியதில்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பம்பு பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தான் பேசிய பேச்சைக்கூட விடாமல். டாக்டர் கேட்டுக்கொண்டு நின்றார். பம்பு குழந்தை மாதிரி அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. எண்ணெய் தள்ளும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, தன் கையாலேயே திருகை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வேகமாகத் திருப்புகிற மனிதர் தெரிந்தார். தன்னைப் பார்த்துத் தானே 'ச்சு' என்று சொல்லியிருப்பார்.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தார்கள். டாக்டர் முன்பே யோசித்து வைத்திருந்தார். கல்லில் தூசி அதிகம், இயற்கையிலேயே அப்படி, அதனால் சோதனைக்கு உதவவில்லை என்று எழுதிவிடலாம், அவர் பேரை எதற்கு இழுக்க வேண்டும் என்றார். பம்பும் அதையே கெஞ்சினான். அண்ணன் ஒரு கல்லைக் கெடுத்தார் என்று காலத்துக்கும் எழுதி வைப்பதா? செத்தவரைச் சந்தியில் நிறுத்துவதா?

அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. கல் மேல் பழி போட்டால் கிணற்றுக்காரர்கள் அந்தப் பாறை முழுவதையும் தப்பாக நினைப்பார்கள், அது அவருக்குப் பிடிக்காது என்றாள். அது நியாயம்தான், ஆனால் காரணம் அது இல்லை என்று மூவருக்கும் தெரிந்தது. டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அவர் அவசரப்பட்டார்னு எழுதுங்க சார். மறைக்காம எழுதுங்க. அவர் எனக்காகப் பண்ணினது அது ஒண்ணுதான் வெளிய தெரியுது."

டாக்டர் எழுதினார். எண்ணெய் அளவுக்கு மீறிய வேகத்தில் செலுத்தப்பட்டதால் மாதிரி சேதமடைந்தது, செலுத்தியவர் இன்னார். அண்ணி அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள். கூடத்தில் சிலர் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சொல்லிவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்குப் போனபோது மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிற வண்டிகளின் வேகத்தை எடைபோடுவது அவருக்குப் பழக்கம். அவள் பையைக்கூட வைக்காமல் எதிரில் உட்கார்ந்தாள். உங்கள் பையன் ஒரு கல்லைக் கெடுத்துவிட்டார் மாமா என்று தொடங்கினாள். அவன் கெடுக்க மாட்டானே என்றார் அவர் உடனே. அவள் முதலிலிருந்து சொன்னாள், பம்பு, முள், கலங்கல், கம்பி முனை எல்லாம். கல்லைப் பற்றி அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. வேகம் என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் தலை நிமிர்ந்தது, அது அவருக்குத் தெரிந்த சங்கதி.

"பன்னெண்டு மணிக்கு மூடிடுவாங்க மாமா. அதான் ஓடினார்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து, மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்போ அவன் சாகப் போகல" என்றார்.

"இல்ல மாமா."

துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பத்து மாதமாக அந்த மனிதர் தன் பிள்ளை தானே போய் விழுந்தான் என்று நினைத்து, அதை மருமகளிடம் காட்டாமல் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது அவளுக்கும் அப்போதுதான் முழுக்க உறைத்தது. அழட்டும் என்று விட்டாள். அழுது முடித்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது, நெடுந்தூரம் வண்டி ஓட்டி இறங்கியவர் போலக் காலை நீட்டிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, உனக்கும் இப்போது மனசு ஆறியிருக்கும், இல்லையா அம்மா என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். கிழவருக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த வீட்டில் இனி எதையும் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"இல்ல மாமா" என்றாள். "அவர் பொய் சொன்னார்னு கோபமா இருந்த வரைக்கும்தான் நான் கொஞ்சமாவது தூங்கினேன்."